புழுக்காளானும் கொம்புத் திருக்கையும்

"கிட்னிக்கு கார்டிசெப்ஸ் கேப்ஸ்யூல் எடுக்கலாமா டாக்டர்?"னு நிறைய பேர் கேக்குறீங்க. பதிலுக்கு முன்னாடி, அந்தக் காளானையும் கடல்ல வாழுற ஒரு திருக்கையையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்ப்போம். ரெண்டும் அருகிப்போறதுக்கு ஒரு பெரிய காரணம், மருந்துன்னு விக்கிறதுதான்.

இமயமலையிலும் திபெத்திலும் 3000 மீட்டருக்கு மேலே, மண்ணுக்குள்ள இருக்கும் அந்துப்பூச்சிப் புழுவைக் கொன்று, அதன் தலை வழியே குச்சி மாதிரி முளைப்பதுதான் அந்தக் காளான். உத்தராகண்டில் கீடா ஜடி, நேபாளத்தில் யார்சாகும்பா. 1993ல் சீன ஓட்ட வீராங்கனைகள் உலக சாதனைகளை உடைச்சப்போ, அவங்க கோச் இதையும் ஒரு காரணமாச் சொன்னார். (ஊக்கமருந்து சந்தேகம் தனிக்கதை.) நல்ல ரகத்துக்கு விலை ரொம்ப அதிகம்.

கொம்புத் திருக்கை 7 மீட்டர் வரை அகலம் வளரும் பிரம்மாண்டம். ஆனா தின்பது சின்னஞ்சிறு மிதவை உயிரிகளை. செவுள்ல இருக்கும் சல்லடையால தண்ணியை வடிகட்டும். அந்தச் சல்லடையைக் காயவச்சு, "ரத்தத்தைச் சுத்தப்படுத்தும்"னு சீனாவின் குவாங்சோவில் விக்கிறாங்க. வடிகட்டியைத் தின்னா ரத்தம் வடிகட்டப்படுமாம்! அப்போ டீ வடிகட்டியையும் மெல்லலாமே? பழைய சீன மருத்துவ நூல்கள்ல இது முக்கிய மருந்தே கிடையாது.

2020 சிவப்புப் பட்டியல்ல ரெண்டுமே அழியும் அபாயத்தில் இருக்கும் இனங்களா இருந்துச்சு. திருக்கை நிலைமைதான் ஒரு படி மோசம்.

ஏன்னா, காளான் வித்துகளை லட்சக்கணக்கில் தூவும். தூவுறதுக்கு முன்னாடி பறிச்சாத்தான் நல்ல விலைங்கிறதுதான் சிக்கல். பறிக்கும் நாட்களைக் கட்டுப்படுத்தினா மீள வழியுண்டு. அந்தச் சில வார வருமானத்தில்தான் மலைக்கிராமங்கள் வருஷம் பூரா ஓட்டுது. அவங்களைக் குத்தம் சொல்ல எனக்கு மனசு வரல. திருக்கையோ ஒரு வருஷம் சுமந்து ஒரே ஒரு குட்டி போடும். அடுத்ததுக்குச் சில வருஷம் ஆகும். நம்ம தூத்துக்குடியிலும் இலங்கையிலும் சூரைக்கு விரிச்ச வலையில இது மாட்டுது. செவுளுக்கு விலை இருக்கும்வரை யார் திருப்பிக் கடல்ல விடுவாங்க?

இப்போ உங்க கேள்வி. கார்டிசெப்ஸ் கிட்னியைக் காப்பாத்தும்னு நம்பும்படியான பெரிய ஆய்வு இல்லை. 2016ல் சீன அரசே சோதிச்சப்போ கிலோவுக்கு 4.4 முதல் 9.9 மில்லிகிராம் ஆர்சனிக் இருந்தது. அனுமதி 1 மில்லிகிராம். ஏற்கெனவே பழுதான சிறுநீரகத்துக்கு இது தேவையா? குறைஞ்ச விலைக்கு வர்றது பெரும்பாலும் பண்ணையில் வளர்த்த வேற இனம். அதுக்கும் கிட்னி விஷயத்தில் உத்தரவாதம் கிடையாது.

ஏற்கெனவே சாப்பிட்டுட்டு இருந்தா, அடுத்த தடவை கிரியாட்டினின் ரிப்போர்ட்டோட அந்த பாட்டிலையும் உங்க டாக்டர்கிட்ட காட்டுங்க. மாற்றுச் சிறுநீரகம் பொருத்தினவங்க நாளைக்கே காட்டுங்க.