ஆழ்கடலில் ஏழு நாட்கள்: மைசூரிலிருந்து புறப்படுவோர் அறியவேண்டியவை



மைசூரு கடல் இல்லாத நகரம். கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 760 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள இங்கே நாம் காணும் பெருந்தண்ணீர் என்பது குக்கரஹள்ளி ஏரியும், காரஞ்சி ஏரியும், சற்றுத் தூரத்திலுள்ள கிருஷ்ணராஜ சாகர் அணையுமே. ஆகிலும், கடற்கரை ஊர்களை விட்டுப் பிழைப்பின் நிமித்தம் இங்கு வந்து குடியேறிய குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அக்குடும்பங்களின் பிள்ளைகள் இன்று மென்பொருள் நிறுவனங்களில் நல்ல ஊதியம் பெறுகிறார்கள். அவர்களில் சிலர், "இந்த விடுமுறைக்கு மாலத்தீவு போகிறோம்; ஒரு வாரம் படகிலேயே தங்கி, கடலுக்குள் மூழ்கி மீன்களைப் பார்க்கப்போகிறோம்" என்று சொல்லும்போது, பெற்றோர் திகைத்துப் போகிறார்கள். "போகலாமா, கூடாதா? ஆபத்து உண்டா?" என்ற கேள்வி வீட்டில் எழுகிறது. அறியாமையினால் தடுப்பதும் நல்லதல்ல. அறியாமையினால் அனுப்புவதும் நல்லதல்ல. ஆகவே இப்பயணத்தைக் குறித்த விவரங்களை இங்கே தருகிறோம்.

நம் முன்னோர் அறிந்த தொழில்

கடலுக்குள் மூழ்குவது தமிழருக்குப் புதிதல்ல. மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தலும் சங்கு குளித்தலும் நெடுங்காலமாக நடந்துவந்தன. பதின்மூன்றாம் நூற்றாண்டில் இப்பக்கம் வந்த மார்க்கோ போலோ அதைக் குறித்து எழுதியிருக்கிறார். குளிப்பவர் கயிற்றில் கட்டிய கல்லின் பாரத்தால் விரைந்து கீழே இறங்குவார்; மூச்சை அடக்கிக்கொண்டு ஏறத்தாழ ஒரு நிமிடம் சிப்பிகளைப் பொறுக்குவார்; கயிற்றை அசைத்ததும் மேலே உள்ளவர் இழுத்துக்கொள்வார். கயிற்றைப் பிடிப்பவர் குளிப்பவருடைய மைத்துனராகவே இருப்பார், ஏனெனில் தன் சகோதரி விதவையாவதை எவனும் விரும்பமாட்டான் என்று கரையோரத்தார் சொல்வதுண்டு. மேலே நிற்பவர் நம்பத்தக்கவரா என்பதே அன்று முதற்கேள்வி. இன்றும் அதுவே முதற்கேள்வி.

ஸ்கூபா முறையில் மூச்சை அடக்குவதில்லை. முதுகில் காற்றுக் கலத்தைச் சுமந்து, தண்ணீருக்குள் இயல்பாகச் சுவாசிக்கிறார்கள். பலரும் அதை ஆக்ஸிஜன் சிலிண்டர் என்கிறார்கள், அது தவறு. அதில் அடைக்கப்படுவது நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்றே. 12 லிட்டர் கலத்தில் 200 பார் அழுத்தத்தில் சுமார் 2,400 லிட்டர் காற்று அடங்கும். நிமிடத்திற்கு 20 லிட்டர் சுவாசிப்பவர், 20 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மூன்று மடங்காவதால் நிமிடத்திற்கு 60 லிட்டர் செலவழிப்பார். கலத்தில் 50 பார் மீதம் வைத்தே மேலேற வேண்டும் என்பது வழக்கமாதலால், அவருக்குக் கிடைப்பது ஏறத்தாழ அரைமணி நேரம். பதற்றப்படுகிறவர் வேகமாகச் சுவாசிப்பார்; அவருக்கு அதுவும் கிடையாது. அமைதியே இங்கு சேமிப்பு.

முதற்படி: நேத்ராணி

ஒருபோதும் மூழ்காதவர் நேரே மாலத்தீவுப் படகில் ஏறுவது புத்தியல்ல. நம் மாநிலத்திலேயே தொடக்கம் செய்யலாம். மைசூரிலிருந்து சுமார் 400 கிலோமீட்டரில் முருடேஸ்வர் இருக்கிறது. அங்கிருந்து கடலில் ஏறத்தாழ 19 கிலோமீட்டர் சென்றால் நேத்ராணி தீவு. மழைக்காலம் முடிந்து அக்டோபர் முதல் மே வரை அங்கு மூழ்கச் செல்லலாம். பயிற்சி பெறாதவரையும் பயிற்றுநர் உடன் நின்று 12 மீட்டர் வரை அழைத்துச் செல்வதுண்டு. ஆனால் அது ஓர் அறிமுகம் மாத்திரமே. 'ஓப்பன் வாட்டர்' சான்றிதழ் பெற்றவர் 18 மீட்டர் வரையும், 'அட்வான்ஸ்டு' சான்றிதழ் பெற்றவர் 30 மீட்டர் வரையும் இறங்கலாம். இப்பயிற்சிக்கு 200 மீட்டர் நீந்தவும், பத்து நிமிடம் மிதக்கவும் தெரிந்திருக்க வேண்டும். சரஸ்வதிபுரத்திலுள்ள பல்கலைக்கழக நீச்சல் குளத்திற்குச் சில மாதங்கள் ஒழுங்காகச் சென்றாலே இதற்கு ஆயத்தப்படலாம்.

படகு வீட்டின் வாழ்க்கை

லிவ்அபோர்ட் என்பது தங்கும் விடுதியும் கடற்பயணமும் ஒன்றாய்ச் சேர்ந்த படகு. மாலத்தீவில் இதை 'சஃபாரி படகு' என்கிறார்கள். பெங்களூரிலிருந்து மாலேக்கு விமானத்தில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். அங்கே சிறு படகில் ஏற்றிக்கொண்டுபோய்ப் பெரிய படகில் சேர்ப்பார்கள். ஏறியவுடன் காலணிகளை ஒரு கூடையில் போடச் சொல்வார்கள். வாரம் முடியும்வரை வெறுங்காலே. நம் வீட்டு வழக்கம்தானே, அதில் சிரமம் இராது. அறை சிறியது, பெரும்பாலும் இருவருக்கு ஒன்று. மின் இயந்திரத்தின் ஓசை இரவெல்லாம் கேட்கும். படகு அசைவதால் முதல் இரண்டு நாட்கள் தலைசுற்றலும் வாந்தியும் சிலருக்கு வரும். குளிப்பதற்குரிய நன்னீர் கடல்நீரிலிருந்து சுத்திகரிக்கப்படுவது. அதைச் சிக்கனமாகச் செலவழிக்க வேண்டும்.

காலை ஆறு மணிக்கு எழுப்புவார்கள். அன்று இறங்கும் இடத்தின் வரைபடத்தைக் காட்டி, நீரோட்டம், ஆழம், திரும்பும் வழி ஆகியவற்றை விளக்குவார்கள். பின்பு காற்றுக் கலங்கள் வைக்கப்பட்டிருக்கும் துணைப்படகுக்கு மாறுவோம். அதற்கு அவர்கள் மொழியில் பெயர் 'தோனி'. நம் 'தோணி' என்ற சொல்லின் உறவை அங்கே கேட்பது ஒரு சந்தோஷம். முதல் மூழ்குதலுக்குப் பின் காலை உணவு, முற்பகலில் இரண்டாவது, மதிய உணவுக்குப் பின் மூன்றாவது, சில நாட்களில் இரவிலும் ஒன்று. இடையில் உறக்கம். சூரை மீனும் தேங்காயும் கலந்த 'மாஸ் ஹுனி'யும், நம் சப்பாத்தி போன்ற 'ரொஷி'யும், சோறும் மீன்குழம்பும் உண்டு. சைவ உணவு வேண்டுவோர் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும்.

தண்ணீருக்குள் பேச்சில்லை, கைச்சைகையே மொழி. நம்மவருக்கு ஓர் எச்சரிப்பு: கட்டைவிரலை உயர்த்திக் காட்டினால் 'நன்று' என்று பொருளல்ல, 'மேலே போகிறேன்' என்று பொருள். நம் தலையசைப்பையும் அங்கே ஒருவரும் விளங்கிக்கொள்ளமாட்டார்கள்!

காணப்போவது என்ன? தெற்கு ஆரி பவளத்தீவுக் கூட்டத்தில் திமிங்கலச் சுறா ஆண்டு முழுவதும் தென்படுவதுண்டு. பா தீவுக் கூட்டம் 2011இல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள ஹனிஃபாரு விரிகுடாவில் தென்மேற்குப் பருவக்காற்றின் மாதங்களில் கொம்புத் திருக்கைகள் கூட்டமாக வரும். அங்கே கலம் கட்டி மூழ்க அனுமதியில்லை, மேற்பரப்பில் நீந்தியே காணலாம். ஆழத்தில் சிவப்பு நிறம் மறைந்துபோகும். விரலில் கீறல் பட்டால் இரத்தம் பச்சையாகத் தோன்றும். பவளப்பாறைகள் எங்கும் வண்ணமயமாக இருக்கும் என்று எண்ணிப் போகாதீர்கள். 1998இலும் 2016இலும் கடல் வெப்பமடைந்ததால் அவற்றில் மிகுதியானவை வெளுத்து மடிந்தன. மீண்டு வளரும் பாறையைக் கையால் தொடாதிருப்பதே நாம் அதற்குச் செய்யும் உதவி.

இவ்விடங்களில் நீரோட்டம் வலிமையானது. ஆகவே பல படகுகள் அட்வான்ஸ்டு சான்றிதழையும், முப்பது, ஐம்பது முறையாவது மூழ்கிய பதிவையும் கேட்கின்றன. எண்ணிக்கையைக் கூட்டி எழுதி ஏறிவிடுவது எளிது. ஆனால் நீரோட்டம் பதிவேட்டைப் பார்ப்பதில்லை.

படிவத்தில் உண்மை

மூழ்குவதற்குமுன் மருத்துவப் படிவம் ஒன்று தருவார்கள். ஆஸ்துமா, இருதய நோய், வலிப்பு, நீரிழிவு, காது அறுவை சிகிச்சை, கர்ப்பம் ஆகியவற்றைக் குறித்து அதில் கேள்விகள் உண்டு. ஒன்றுக்கு 'ஆம்' என்று எழுதினாலும் மருத்துவரின் ஒப்புதல் தேவைப்படலாம். இங்கே நம் சபையாருக்கென்று ஒரு வார்த்தை சொல்லவேண்டியிருக்கிறது. ஜெபத்தினால் சுகம் பெற்றேன் என்று சாட்சி சொன்ன ஒருவர், படிவத்தில் 'ஆம்' என்று எழுதினால் அது அவிசுவாசமாகிவிடுமோ என்று தயங்கலாம். அப்படியல்ல. 'எப்போதாவது இருந்ததா' என்பதே கேள்வி. அதற்கு உண்மையான பதில் எழுதுவது சாட்சிக்கு விரோதமல்ல. சுகமானவர் மருத்துவரிடம் தன்னைக் காட்டுவதில் இழப்பு ஒன்றுமில்லை. பொய் எழுதினால், ஆபத்தில் உங்களைத் தூக்கிவர வேண்டிய துணைவரின் உயிரையும் பணயம் வைக்கிறீர்கள்.

அவ்வாறே உபவாச நாளில் மூழ்காதீர்கள். உடலில் நீர் குறைவது அழுத்த நோய்க்கு ஏதுவாகும் என்று மருத்துவர் எச்சரிக்கிறார்கள். சளி பிடித்திருந்தாலும் இறங்கக்கூடாது. காதின் அழுத்தத்தைச் சமப்படுத்த முடியாமல் செவிப்பறை கிழியலாம். படகில் மது விற்பனை உண்டு. அருந்தியவர் அன்று மூழ்கக்கூடாது என்பது ஒழுங்கு. மாலத்தீவுக்குள் மதுவையும் பன்றி இறைச்சியையும் கொண்டுபோகத் தடை இருக்கிறது. இஸ்லாம் தவிர மற்ற மார்க்கத்தாரின் பொது ஆராதனைக்கும் அங்கே அனுமதியில்லை. ஞாயிற்றுக்கிழமை அறையில் தனித்து ஜெபிக்கலாம். தளத்தில் கூடிப் பாடல் நடத்தத் திட்டமிட வேண்டாம்.

மேலேறும் ஒழுங்கு

ஆழத்தில் சுவாசிக்கும்போது நைட்ரஜன் இரத்தத்திலும் தசைகளிலும் கரைகிறது. கோலி சோடாவைத் திறந்தவுடன் குமிழ் பொங்குவதுபோல, விரைந்து மேலே வந்தால் அது உடலுக்குள் குமிழாகும். மூட்டுவலி, மரத்துப்போதல், தலைசுற்றல், சில வேளைகளில் பக்கவாதம் வரை அது கொண்டுபோகும். ஆகவே நிமிடத்திற்கு 9 மீட்டருக்கு மேற்படாமல் ஏறி, 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் நிற்கிறார்கள். மூச்சை ஒருபோதும் அடக்கக்கூடாது; அடக்கினால் நுரையீரல் கிழியும். மாலத்தீவின் சட்டம் பொழுதுபோக்கு மூழ்குதலை 30 மீட்டரோடு நிறுத்துகிறது. நோய்க்குறி கண்டால் தூய ஆக்ஸிஜன் கொடுத்து, அழுத்த அறை உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். மாலேக்கு அருகே பண்டோஸ் தீவில் அத்தகைய அறை உண்டு. சாதாரணப் பயணக் காப்பீடு இதற்கு ஈடு தராமற்போகலாம். மூழ்குவோருக்கென்றுள்ள காப்பீட்டை எடுப்பது நலம்.

மூழ்கியபின் உடனே விமானம் ஏறக்கூடாது என்பதைப் பலர் அறிவர். ஒருமுறை மூழ்கியவர் 12 மணி நேரமும், பல நாட்கள் பலமுறை மூழ்கியவர் 18 மணி நேரமும் பொறுக்க வேண்டும். 24 மணி நேரம் பொறுப்பது இன்னும் நல்லது. மைசூர்வாசிகள் பலர் அறியாத ஒன்றுண்டு. இந்த எச்சரிப்பு விமானத்திற்கு மாத்திரமல்ல, 600 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்திற்கும் உரியது. நேத்ராணியில் காலையில் மூழ்கிவிட்டு, மாலையிலேயே காரில் மடிக்கேரி வழியாக வந்தால், 1,100 மீட்டருக்கு மேல் ஏறுகிறீர்கள். வேறு வழியே வந்தாலும் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டாமல் இங்கு வர இயலாது. மைசூரே 760 மீட்டரில்தான் இருக்கிறது. திங்கட்கிழமை வேலைக்குப் போகவேண்டுமென்று ஞாயிறு இரவே மலையேறுகிறவர்கள் இதைச் சிந்திக்கவேண்டும். ஓர் இரவு கடற்கரையிலேயே தங்குங்கள். ஒரு நாள் விடுப்பு, ஆயுள் முழுதும் நீடிக்கும் ஊனத்தைவிட மலிவானது.

படகைக் குறித்த கேள்விகள்

கடலைவிடப் படகே ஆபத்தான சந்தர்ப்பங்களும் உண்டு. 2019 செப்டம்பர் 2ஆம் தேதி அதிகாலையில், அமெரிக்காவின் கலிபோர்னியாக் கரைக்கு அப்பால் 'கன்செப்ஷன்' என்ற படகு தீப்பற்றி எரிந்தது. கீழ்த்தளத்தில் உறங்கிய 34 பேர் மாண்டார்கள். இரவில் விழித்திருந்து சுற்றிப் பார்க்க ஒருவரும் நியமிக்கப்படவில்லை என்பது விசாரணையில் வெளிப்பட்டது. 2024 நவம்பர் 25இல் எகிப்தின் செங்கடலில் 'சீ ஸ்டோரி' கவிழ்ந்தபோது 11 பேர் இறந்தோ காணாமலோ போனார்கள்.

ஆகவே பணம் கட்டுமுன் கேளுங்கள்: இரவில் காவலுக்கு விழித்திருப்பவர் உண்டா? கீழறையிலிருந்து வெளியேற இரண்டாவது வழி உண்டா? ஆக்ஸிஜனும் உயிர்காப்பு அங்கிகளும் எல்லாருக்கும் போதுமா? கைபேசி, புகைப்படக் கருவி ஆகியவற்றின் மின்கலங்களை ஆளில்லாத அறையில் இரவெல்லாம் சார்ஜ் ஏற்ற அனுமதிக்கிறார்களா? அறிவித்த கட்டணத்திற்கு மேல் கருவி வாடகையும், 2025 முதல் நபருக்கு நாளொன்றுக்கு 12 டாலராக உயர்ந்த பசுமை வரியும், பணியாளருக்கான அன்பளிப்பும் சேருமா? பதில் சொல்லச் சலிக்கிற நிறுவனத்தின் படகில் ஏறாதீர்கள்.

பெற்றோரே, பிள்ளையைத் தடுப்பதற்கு முன் அவனுடைய சான்றிதழையும் மருத்துவரின் ஒப்புதலையும் காப்பீட்டுத் தாளையும் மேசையின்மேல் வைக்கச் சொல்லுங்கள். வைத்தால், சமாதானத்தோடே அனுப்புங்கள். வைக்காவிட்டால், இவ்வாண்டு நீச்சல் குளத்திற்கு அனுப்புங்கள். கடல் அடுத்த ஆண்டும் அங்கேயே இருக்கும். பிள்ளைகளே, உங்களோடு இறங்கும் துணைவர் யார் என்பதை நிதானித்துத் தெரிந்துகொள்ளுங்கள். நீங்களும் அவருக்குக் கயிறு பிடிக்கும் மைத்துனராயிருங்கள்.