ஆல்பம் வந்த பிறகு

சங்கரன்கோவிலில் என் தொழிலைத் தெரிந்தவர்கள் தறிக்கூடத்திலும் கேட்பார்கள், பூ மார்க்கெட்டிலும் கேட்பார்கள்: "நம்ம பிள்ளைகள எதுக்கு வெளிநாட்டுக்காரங்களுக்குக் குடுக்கீங்க?" தத்துக் கொடுக்கும் இல்லத்தில் சமூகப் பணியாளராக இருப்பவளுக்கு இது நியாயமான கேள்விதான். பதில்தான் நீளம்.

சட்டப்படி இந்தியக் குடும்பங்களைத் தேடி, யாரும் முன்வராத பிறகே ஒரு குழந்தையின் விவரம் வெளிநாட்டவர் பார்வைக்குப் போகும். 2024-25இல் மத்திய தத்துவள ஆணையமான காரா வழியாக நடந்த 4,515 தத்துகளில் 4,155 உள்நாட்டிலேயே நடந்தவை. மீதியில் போகிறவர்கள் யார்? என் கைவழி போனவர்களைச் சொல்கிறேன். உதட்டுப்பிளவோடு பிறந்தவள், காது கேளாதவன், பிரிக்கக் கூடாத அண்ணன் தங்கை, ஐந்து வயதைத் தாண்டிவிட்டது என்பதைத் தவிர வேறெந்தக் குறையும் இல்லாதவன். இரண்டு வயதுக்குட்பட்ட, நோயில்லாத குழந்தை வேண்டுமென்று பதிவு செய்த தம்பதிகள் மூன்று ஆண்டுக்கும் மேலாகக் காத்திருக்கிறார்கள். அதே நேரம் இந்தப் பிள்ளைகள், பக்கத்துத் தொட்டில்கள் ஒவ்வொன்றாகக் காலியாவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

தத்து என்றாலே பெற்றோரின் காத்திருப்பைத்தான் எல்லோரும் பேசுகிறோம். அவர்களுக்குப் பதிவு எண் இருக்கிறது, வரிசையில் எங்கே நிற்கிறோம் என்று பார்த்துக்கொள்ள முடிகிறது. குழந்தைக்கு அது எதுவும் கிடையாது. அதனால் என் வேலையில் பெரும்பகுதி குழந்தையின் காத்திருப்பைப் பார்த்துக்கொள்வதுதான்.

அதில் ஒரு பகுதியைக் குறைக்கவே கூடாது. அனாதரவாகக் கிடைத்த குழந்தை இரண்டு வயதுக்குட்பட்டதென்றால் இரண்டு மாதத்துக்குள்ளும், மேற்பட்டதென்றால் நான்கு மாதத்துக்குள்ளும் பெற்றோரைத் தேடி முடித்து, குழந்தைகள் நலக் குழு முடிவு சொல்ல வேண்டும். பேப்பரில் படம் போடுவது இதற்காகத்தான். தாயே வந்து ஒப்படைத்தால், மனம் மாறித் திரும்பி வர அவளுக்கு 60 நாள் உண்டு. "அதான் எழுதிக் குடுத்துட்டாளே, இன்னும் எதுக்கு இழுக்கீங்க?" என்று கேட்பவர்களுக்குச் சென்னையை ஞாபகப்படுத்துவேன். குடிசைப் பகுதிகளிலிருந்து திருடப்பட்ட குழந்தைகள், ஒரு தத்து நிறுவனத்தின் பொய்க் காகிதங்களோடு நெதர்லாந்து வரைக்கும், அமெரிக்கா வரைக்கும் போய்விட்டது 2005இல்தான் வெளியே வந்தது. பெற்ற தாய் இங்கே தேடிக்கொண்டிருந்த பிள்ளை, அங்கே வேறு பெயரில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தது. வெளிநாட்டுத் தத்துக்குக் கட்டுப்பாடு வேண்டுமென்று வழக்கறிஞர் லட்சுமி காந்த் பாண்டே எழுதிய கடிதத்தையே மனுவாக ஏற்று, உச்ச நீதிமன்றம் 1984லேயே விதிகளை வகுத்துவிட்டது. விதி இருந்தும் இப்படி நடந்தது என்றால், அந்த 60 நாளில் ஒரு நாளைக்கூட யாருக்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இன்னொரு காத்திருப்பு, குடும்பம் அமைந்த பிறகு தொடங்குவது. இதைச் சுருக்க எவ்வளவு மெனக்கெட்டாலும் தகும். வெளிநாட்டுப் பெற்றோர் குழந்தையின் அறிக்கையையும் மருத்துவச் சான்றையும் படித்து, 30 நாளுக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். அவர்கள் நாட்டு அரசு ஒப்ப வேண்டும். காராவிடமிருந்து ஆட்சேபணை இல்லை என்ற சான்று, அதாவது என்ஓசி, வர வேண்டும். பிறகு கலெக்டர் உத்தரவு. 2022 செப்டம்பர் வரை இது நீதிமன்றத்தில் இருந்தது. இப்போது கலெக்டர் இரண்டு மாதத்துக்குள் முடிக்க வேண்டும். அப்புறம் பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், விசா. எல்லாம் சரியாக நடந்தாலே மாதங்கள் ஓடிவிடும். மேசையில் ஃபைல் ஒரு வாரம் தூங்கினால், ஒரு குழந்தை தன் அம்மாவை ஒரு வாரம் தாமதமாகப் பார்க்கிறது.

இந்த இடைவெளியில்தான் அந்தக் குடும்பம் அனுப்பும் ஆல்பம் வரும். வீடு, வாசல், கட்டில், நாய், தாத்தா பாட்டி எல்லாம் படமாக இருக்கும். எப்போது பிள்ளையிடம் காட்டுவது என்பது இந்தத் தொழிலில் கடினமான முடிவு. சீக்கிரம் காட்டினால் தினமும் "நாளைக்காக்கா?" என்று கேட்கும். கடைசி நேரத்தில் காட்டினால், தெரியாத ஒருவர் கையில் தூக்கிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். என்ஓசி கைக்கு வந்த பிறகே எடுப்பது என் வழக்கம்.

தேதி சொல்ல மாட்டேன். எங்கள் ஊர் ஆடித்தபசுத் திருவிழா முடிந்ததும் வருவார்கள் என்று ஒரு பிள்ளையிடம் சொல்லி, சப்பரம் நிலைக்கு வந்து, கடைகளும் பிரித்துப் போன பிறகும் யாரும் வரவில்லை என்றால், அப்புறம் நாம் சொல்லும் எதையும் அது நம்பாது. அதனால் வரிசையை மட்டும் சொல்கிறேன். சார்ட்டில் ஒரு பேனா, ஒரு சின்னப் புத்தகம், ஒரு விமானம், ஒரு வீடு. கலெக்டர் கையெழுத்தானதும் பேனாவின் மேல் பிள்ளையே ஸ்டிக்கர் ஒட்டும். பாஸ்போர்ட் வந்ததும் புத்தகத்தின் மேல். ஒரு பையன் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு நாயின் படத்தைக் காட்டி, "இது கடிக்குமாக்கா? ராத்திரி எங்க படுக்கும்?" என்று கேட்டான். அன்றைக்கே அந்தக் குடும்பத்துக்கு எழுதினேன். நாய் சமையலறையில் தன் பாயில் படுத்திருக்கும் வீடியோ வந்தது. அதைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிப் பார்த்தான்.

குழந்தை ஆய்வறிக்கையிலும் இதே கவனம் வேண்டும். 'நன்றாகப் பழகுகிறான், ஆரோக்கியமாக இருக்கிறான்' என்று எழுதினால் படிவம் நிரம்பும். அவனை வளர்க்கப் போகிறவளுக்கு ஒன்றும் தெரியாது. குக்கர் விசிலுக்குக் காதைப் பொத்துவான், ஆயாம்மாவின் முந்தானையைப் பிடித்தால்தான் தூங்குவான், மாங்காய் ஊறுகாய் இருந்தால்தான் தயிர்ச்சோறு இறங்கும் என்று எழுத வேண்டும். புறப்படும் பையில் அந்தச் சேலையில் ஒரு துண்டு இருக்கும், துவைக்காமல். பசி, வலி, பயம், ஒண்ணுக்கு இவற்றை எங்கள் பக்கத்துப் பிள்ளை எப்படிச் சொல்லுமோ, அந்தக் குரலிலேயே பதிவு செய்து முன்னதாக அனுப்பிவிடுவோம்.

ஆயாம்மாக்களைப் பற்றி எந்த ஃபைலிலும் ஒரு வரி கிடையாது. பால் கொடுத்து, காய்ச்சலுக்கு விழித்திருந்து வளர்த்தவர்கள் அவர்கள். "உங்க அம்மா நல்லவங்க, போய்ட்டு வா ராசா" என்று அவர்கள் வாயால் சொன்னால்தான் பிள்ளைக்குப் போகத் துணிச்சல் வருகிறது. அதைச் சொல்லும் நாளில் அவர்களுக்கு வேறு வேலை கொடுக்கக் கூடாது என்பேன்.

ஒவ்வொரு பிள்ளையோடும் ஒரு வாழ்க்கைப் புத்தகம் போகும். அவன் கிடைத்த தெரு, இருந்த அறை, சங்கரநாராயணர் கோயில் கோபுரம், கோமதியம்மன் தபசுக் கூட்டத்தில் பலூனோடு அவன் நிற்கும் படம். 18 வயதானதும் தன் வேரைத் தேட அவனுக்கு உரிமை உண்டு. அவன் திரும்பி வந்து கேட்கும்போது கையில் ஏதாவது இருக்க வேண்டும். போன பிறகு முதல் ஆண்டில் மூன்று மாதத்துக்கு ஒன்று, அடுத்த ஆண்டில் ஆறு மாதத்துக்கு ஒன்று என அறிக்கை வரும். எடையும் தடுப்பூசியும் அப்புறம்தான், தூக்கம் பற்றிய பத்தியைத்தான் முதலில் தேடுவேன்.

தத்துக்குப் பதிவு செய்யப் போகும் தம்பதிகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கணவன் மனைவி இருவர் வயதையும் கூட்டினால் 85ஐத் தாண்டுகிறது என்றால், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை உங்களுக்குக் கிடைக்காது. ஆனால் 100 வரை உள்ளவர்கள் நான்கு முதல் எட்டு வயதுக் குழந்தையைக் கேட்கலாம். இளம் தம்பதிகளும் கேட்கலாம். பதிவில் வயதுப் பிரிவு கேட்கும் இடத்தில் அவசரப்படாதீர்கள். வீட்டில் உட்கார்ந்து பேசிவிட்டு, மனம் ஒப்பினால் அந்தப் பிரிவைத் தேர்ந்தெடுங்கள். பிள்ளைகள் இருக்கிறார்கள்.