மஞ்சள் டிராகனின் முதுகில்

ஹுவாங்லாங் போய்வந்து வருஷங்கள் ஆகிவிட்டன. இன்றைக்கும் அந்தப் பெயரைக் கேட்டால் மூச்சிரைப்புதான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறது.

சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில், மின்ஷான் மலைத்தொடரில் இருக்கிறது அந்தப் பள்ளத்தாக்கு. 1992-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இடம். கேபிள் காரிலிருந்து இறங்கி மரப்பலகைப் பாதையில் நடக்கத் தொடங்கியதுமே நெஞ்சு படபடத்தது. கையில் ஆக்சிஜன் டப்பா. பத்தடிக்கு ஒருமுறை கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றேன். “மெதுவா வாங்க, குளம் எங்கேயும் ஓடிடாது” என்றாள் மனைவி.

ஐந்து வண்ணக் குளம் 3,500 மீட்டருக்கும் மேலே. பெயர்தான் குளம், உண்மையில் 693 சிறு குளங்கள், வளைந்த வரப்புகளோடு படிப்படியாக இறங்குகின்றன. ஒன்றில் மயில்கழுத்து நிறம், பக்கத்தில் பாசிப்பச்சை, அதற்குக் கீழே பால் கலந்தாற்போல நீலம். எல்லாம் ஒரே தண்ணீர்! ஆழமும் அடியில் படிந்ததும் வெயில் விழும் கோணமும் மாற, நிறமும் மாறுகிறது. குளங்களை ஒட்டி ஒரு பழைய கோவில். மேகம் விலகிய சில நிமிஷங்கள், 5,588 மீட்டர் உயர ஷுவேபாவ்டிங் சிகரம் பனியோடு தெரிந்தது.

ஒரு குளத்தின் ஓரத்தில் சுள்ளி ஒன்று கிடந்தது. மேல்பாதி மரம். தண்ணீரில் கிடந்த பாதி சுண்ணாம்பு ஏறிக் கல்லாகியிருந்தது. எங்கள் வீட்டு வெந்நீர்த் தவலையில் அம்மா புளி போட்டுத் தேய்ப்பாரே, அதே வெள்ளை ஏடு. மலைக்குள் சுண்ணாம்புக்கல்லைக் கரைத்துக்கொண்டு வரும் தண்ணீர், வெளியே வந்ததும் கரியமில வாயுவை இழக்கிறது. கரைந்திருந்த சுண்ணாம்பு சருகிலும் வேரிலும் கிளையிலும் படிந்து படிந்து வரப்பாக எழும்புகிறது. ஒரு கொத்தனார் கை படாத அணைக்கட்டுகள்.

இறங்கும் வழியில், ஒரு கிலோமீட்டருக்கும் அதிகமாக நீளும் மஞ்சள் சரிவு. மெல்லிசாகத் தண்ணீர் வழிய, செதில் செதிலாக மின்னியது. ஹுவாங்லாங் என்றால் மஞ்சள் டிராகன். பெயர்க்காரணத்தை அங்கே யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஒரு சிறுவன் பாதையிலிருந்து குனிந்து குளத்தின் விளிம்பைத் தொடப் போனான். அவன் பாட்டி வெடுக்கென்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டார். அந்தப் பாட்டியின் முகம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

போகிறவர்கள் அக்டோபரில் போங்கள். குளிர்காலத்தில் பல குளங்கள் வற்றிவிடும். நின்று நின்று நடங்கள். மரப்பாதையை விட்டு மட்டும் இறங்கிவிடாதீர்கள். மிதித்தால் அந்த வரப்புகள் நொறுங்கிவிடும்.