பாடந்தோறும் ஒரு வாசிப்பு

கம்பம் பள்ளத்தாக்கில் மே மாதம் முடியும்போது எல்லாருடைய கண்ணும் ஒரே செய்தியைத் தேடும். முல்லைப் பெரியாற்று அணையிலிருந்து முதல்போக நெல்லுக்கு நீர் எந்நாள் திறக்கப்படும் என்பதே அச்செய்தி. லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை நீளும் 14,707 ஏக்கர் இருபோக வயல்களின் நாற்றங்கால் வேலை அந்த ஓர் அறிவிப்பை நம்பியே தொடங்குகிறது.

ஓராண்டு அவ்வறிவிப்பு சற்றுத் தாமதமாக வந்தது. பள்ளிகள் திறந்துவிட்டிருந்தன. சின்னமனூரை அடுத்த சிற்றூர் ஒன்றில், பதினோராம் வகுப்பில் அப்போதுதான் சேர்ந்திருந்த மாணவி ஒருத்தியைத் தாத்தா திண்ணைக்கு அழைத்தார். கண்புரைக்கு அறுவை செய்துகொண்டிருந்த அவரால் நாளிதழின் சிற்றெழுத்துகளைப் பார்க்க இயலவில்லை. மாணவி வாசித்தாள். வினாடிக்கு 200 கனஅடி பாசனத்திற்கும், 100 கனஅடி குடிநீருக்கும், ஆக மொத்தம் 300 கனஅடி நீர், 120 நாள்களுக்கு, நீர் இருப்பையும் நீர்வரத்தையும் பொறுத்துத் தேவைக்கேற்பத் திறந்துவிடப்படும் என்றது செய்தி. அணையின் அன்றைய நீர்மட்டம் 118 அடி. லகர ளகரங்கள் பிசகாமல், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, அழகாகவே வாசித்தாள்.

“இம்புட்டும் திக்காம வாசிச்சிட்ட தாயி. சரி, கருது முத்துற வரைக்கும் தண்ணி வருமா, வராதா? அதச் சொல்லு.”

மாணவி செய்தியை மீண்டும் ஒருமுறை வாசித்தாள். விடை கிடைக்கவில்லை. நாளிதழை மடித்து வைத்துவிட்டு, நாளை சொல்வதாகக் கூறி எழுந்து போனாள்.

பத்தாம் வகுப்புத் தேர்வில் தமிழில் நல்ல மதிப்பெண் பெற்றவள் அவள். அச்செய்தியில் அவளுக்குத் தெரியாத சொல் ஒன்றுகூட இல்லை. ஆயினும் செய்தி அவளுக்கு விளங்கவில்லை. எழுத்தை ஒலியாக்குவது வேறு, பொருளாக்குவது வேறு. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவு பள்ளிகளில் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிவதில்லை. வாய்விட்டு வாசிக்கும் குரல் தடையின்றி ஒலிக்கும்போது கேட்பவரும் நிறைவடைகிறார், வாசிப்பவரும் நிறைவடைகிறார்.

இயற்பியல் கணக்கில் மாணவர் தவறினால், “வினாவை ஒழுங்காக வாசிக்கவே தெரியவில்லை, தமிழாசிரியர் என்ன செய்கிறார்?” என்னும் பேச்சு ஆசிரியர் அறைகளில் எழுவதுண்டு. வரலாற்று விடைத்தாள் சொதப்பினாலும் அதே பேச்சுத்தான். இக்குறையில் பாதி நியாயம் உண்டு, மறுபாதியில் இல்லை. கவிதையை வாசிக்கக் கற்றவர் அதே பயிற்சியால் இயற்பியலையும் வாசித்துவிடுவார் என்று கருத முடியாது. ‘வேலை’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். வாழைத்தாரைத் தோளில் ஏற்றிக்கொண்டு, லாரி வரும்வரை அரைமணி நேரம் அசையாமல் நிற்கும் சின்னமனூர்ச் சுமைத்தொழிலாளி அந்த நேரத்தில் தார்மீது வேலை எதுவும் செய்யவில்லை என்கிறது இயற்பியல். இடப்பெயர்ச்சி இல்லையெனில் அங்கு வேலையும் இல்லை. அவருடைய வியர்வையை அறிந்த மாணவருக்கு இது அநியாயமாகத்தான் தோன்றும். அவ்வாறு தோன்றுவதே நல்லது. ஒரே சொல் வீட்டில் ஒரு பொருளையும் பாடநூலில் வேறொரு பொருளையும் தருகிறது என்பதைக் கண்டுகொண்டவரே இயற்பியலை வாசிக்கத் தொடங்கியவர்.

உயிரியலில் நிலைமை வேறு. அங்கு நீளமான கலைச்சொற்கள் அச்சுறுத்துகின்றன. ஆனால் தமிழ் வழியில் படிப்பவர்க்கு அச்சொற்களே உதவி செய்யக் காத்திருக்கின்றன. சவ்வூடுபரவல் என்பதைச் சவ்வு, ஊடு, பரவல் எனப் பிரித்தால் பாதிப் பாடம் முடிந்தது. நீராவிப்போக்கு, தன்மகரந்தச்சேர்க்கை ஆகியனவும் அவ்வாறே. புணர்ச்சி இலக்கணத்தைத் தமிழ்த் தேர்வுக்கு மட்டும் உரியதென எண்ணி ஒதுக்கிவைப்பவர், கையிலிருக்கும் திறவுகோலை வைத்துக்கொண்டே கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறார்.

மாணவி மறுநாள் அந்த நாளிதழ்த் துண்டைத் தமிழாசிரியையிடம் காட்டினாள். அவர் உடனே விளக்கம் கூறவில்லை. அத்துண்டைப் படியெடுத்துப் பிற ஆசிரியர்களிடமும் தந்தார். அந்த வாரம் முழுவதும் அச்சிறு செய்தி வகுப்புக்கு வகுப்பு பயணம் செய்தது.

இயற்பியல் ஆசிரியர் ஒரே ஒரு வினாவைக் கேட்டார். 120 நாள்களில் மொத்தம் எவ்வளவு நீர் வரும்? வகுப்பில் பலர் 300ஐ 120ஆல் பெருக்கி 36,000 கனஅடி என்றனர். தாத்தாவின் பேத்தியும் அவர்களுள் ஒருத்தி. ஆசிரியர் மறுக்கவில்லை. முப்பதடி நீளமும் முப்பதடி அகலமும் நாற்பதடி ஆழமும் கொண்ட ஒரு கிணற்றை நினைத்துப் பார்க்கச் சொன்னார். அதன் கொள்ளளவு மிகச்சரியாக 36,000 கனஅடி. ஒரு கிணற்று நீரைக் கொண்டு பள்ளத்தாக்கு முழுவதும் நெல் விளையுமா என்று கேட்டதும் வகுப்பு சிரித்தது. பிறகுதான் ‘வினாடிக்கு’ என்னும் சொல்லின்மீது எல்லாருடைய பார்வையும் விழுந்தது. ஒரு நாளுக்கு 86,400 வினாடிகள். பாசனத்திற்குரிய 200 கனஅடியை மட்டும் கணக்கிட்டாலும் 120 நாள்களுக்கு 207 கோடியே 36 லட்சம் கனஅடி. செய்தித்தாள்கள் பல நேரங்களில் ‘வினாடிக்கு’ என்பதை விட்டுவிட்டு ‘300 கனஅடி நீர் திறப்பு’ என்றே தலைப்பிடுகின்றன. பள்ளத்தாக்கின் முதியோர் அதைத் தாமாகவே சேர்த்துப் புரிந்துகொள்கின்றனர். பாய்வின் வீதத்தையும் நீரின் அளவையும் ஒன்றெனக் கொண்ட இளையோர்க்கு அது புலப்படுவதில்லை.

அடுத்து நீர்மட்டம். புவியியல் வகுப்பில் 118 அடி என்பது என்ன என்னும் கேள்வி எழுந்தது. அணையில் தேங்கும் நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாகக் கிழக்கே வருகிறது. சுரங்கத்தின் வாய் அமைந்துள்ள உயரத்தால் 104 அடிக்குக் கீழுள்ள நீர் தமிழ்நாட்டுப் பக்கம் வராது. ஆகவே 118 அடியில் எடுக்கத்தக்கது 14 அடி மட்டுமே. அதோடும் முடியவில்லை. நீர்த்தேக்கம் நேர்ச்சுவர்த் தொட்டி அன்று. மேலே செல்லச் செல்ல விரியும் கிண்ணம் போன்றது. மேலிருக்கும் ஓரடியில் அடங்கும் நீரைவிடக் கீழிருக்கும் ஓரடியில் அடங்கும் நீர் குறைவு. உச்ச நீதிமன்றம் 2014ஆம் ஆண்டுத் தீர்ப்பில் 142 அடி வரை நீரைத் தேக்க இசைவளித்ததைப் பள்ளத்தாக்கு மக்கள் ஏன் அவ்வளவு மகிழ்ச்சியோடு வரவேற்றனர் என்பதையும் இந்தக் கிண்ணமே விளக்கிவிடுகிறது. 1979இல் 136 அடியாகக் குறைக்கப்பட்ட மட்டம் மீண்டும் உயர்ந்தபோது கிடைத்த ஆறடி, கிண்ணத்தின் அகன்ற வாய்ப்பகுதியில் அமைந்த ஆறடியாகும்.

வரலாற்று ஆசிரியர் சற்றுப் பின்னோக்கிச் சென்றார். 1886 அக்டோபர் 29ஆம் நாள் திருவிதாங்கூர் அரசும் பிரிட்டிஷ் இந்திய அரசும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி ஏறத்தாழ 8,000 ஏக்கர் நிலம், ஏக்கருக்கு ஆண்டொன்றுக்கு 5 ரூபாய் வீதம், 999 ஆண்டுகளுக்கு விடப்பட்டது. 1970இல் அத்தொகை 30 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இவ்வெண்களை மாணவர் பலர் முன்பே மனப்பாடமாக அறிந்திருந்தனர். ஆனால் இது விற்பனையா, குத்தகையா என்று கேட்டபோது வகுப்பு திகைத்தது. வயலைக் குத்தகைக்கு விடுவதும் எடுப்பதும் அவர்களுடைய வீடுகளில் ஆண்டுதோறும் நடப்பதே. அந்தச் சொல்லை வயலிலிருந்து எடுத்து ஆவணத்தில் பொருத்திப் பார்த்தவுடன் நிலம் யாருடையது, நீர் யாருக்கு, வாடகை ஏன் என்பன ஒன்றன்பின் ஒன்றாகத் தெளிந்தன. பென்னிகுவிக்கின் தலைமையில் சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த சாந்தால் அணை கட்டப்பட்டது என்று எழுதும் மாணவர், சுர்க்கி என்பது சுட்ட செங்கல்லின் தூள்தான் என்பதை அறியாமலே ஆண்டுக்கணக்கில் எழுதிவந்துள்ளனர். சுட்ட மண்ணிலுள்ள சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்போடு வினைபுரிந்து நீருக்குள்ளும் இறுகும் என்பது வேதியியல். ஒரு வரியைப் புரிந்துகொள்ள இரண்டு பாடநூல்கள் வேண்டியிருந்தன.

இறுதியில் செய்தி தமிழ் வகுப்புக்குத் திரும்பியது. ‘பொறுத்து’, ‘தேவைக்கேற்ப’ என்னும் இரண்டு சொற்களை மட்டும் தமிழாசிரியை கரும்பலகையில் எழுதினார். இவ்விரண்டையும் நீக்கிவிட்டு ஒருமுறையும் சேர்த்து மற்றொருமுறையும் வாசிக்கச் செய்தார். நீக்கி வாசித்தால் அச்செய்தி உறுதிமொழி. சேர்த்து வாசித்தால் நிபந்தனை. 120 நாள் என்னும் எண் பெரிதாகக் கண்ணில் பட, அதனைக் கட்டுப்படுத்தும் சிறுசொல் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. பூச்சிக்கொல்லிப் புட்டியின் சிட்டையிலும் இதுவே நிகழ்கிறது. திராட்சைத் தோட்டத்தில் மருந்தடிப்பவர் அளவை வாசிக்கிறார். அறுவடைக்கு முன் எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்னும் வரியை விட்டுவிடுகிறார். புட்டியின்மேல் உள்ள சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை முக்கோணங்கள் நஞ்சின் கடுமையை இறங்குவரிசையில் உணர்த்துவன. அவற்றையும் அழகுக்கு அச்சிட்டதாகக் கருதுவோர் உளர்.

இம்முறையைப் புதுமை என்று கூற இயலாது. 1975இல் இங்கிலாந்தில் வெளிவந்த புல்லக் குழுவின் அறிக்கை, மொழியைக் கற்பிப்பது எல்லாப் பாட ஆசிரியர்களுக்கும் உரிய பொறுப்பு என்றது. நம் நாட்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பும் 2005இல் அறிவியல் வகுப்பையும் கணித வகுப்பையும் மொழி வகுப்பாகவே கண்டது. இவற்றுக்குப் பன்னூற்றாண்டுகள் முன்பே நன்னூல் கல்வியைக் கால்கூறுகளாகப் பகுத்துப் பேசியது. ஆசிரியர் சொல்வதை நன்கு கேட்டாலும் கிட்டுவது கால்பங்குதான். உடன்பயில்வோரோடு பழகுவதால் மற்றொரு கால். எஞ்சிய அரைப்பங்கு பிறர்க்கு எடுத்துரைக்கும்போதே நிறைகிறது. இக்கணக்கை மனப்பாடம் செய்யும் வகுப்பிலேயே ஆசிரியர் பாடத்தை வாசித்து, அவரே விளக்கி, விடையையும் அவரே எழுதிப்போடுவதைக் காணும்போது பவணந்தி முனிவர் என்ன நினைப்பாரோ! அத்தகைய வகுப்பில் மாணவர் வாசிப்பதற்கு எஞ்சுவது கரும்பலகை ஒன்றே. வினாவிடைத் தொகுப்புகள் அதனையும் பறித்துக்கொள்கின்றன.

பாடம் நடத்தி முடிக்கவே நேரம் போதவில்லை, இதற்கு எங்கே நேரம் என்று ஆசிரியர்கள் கேட்பதும் பொய்யன்று. அந்த வாரம் இயற்பியல் பாடம் ஒருநாள் பின்தங்கத்தான் செய்தது. அந்த ஒருநாளை ஈடுசெய்யச் சனிக்கிழமை முற்பகலில் சிறப்பு வகுப்பு நடந்தது.

அன்று மாலை மாணவி அந்த வார நாளிதழ்களை எடுத்துக்கொண்டு திண்ணைக்கு வந்தாள். நீர்மட்டம் ஓரடி இறங்கி 117 ஆகியிருந்தது. நீர்வரத்து வினாடிக்கு 100 கனஅடி. வெளியேற்றம் 300 கனஅடி.

“எடுக்கக்கூடிய தண்ணி பதிமூணு அடிதான் தாத்தா. அதுவும் அடிக் கிண்ணம். வர்றதவிடப் போறது மூணு மடங்கு. மழை பிடிக்கலேன்னா நூத்தி இருவது நாள் தாங்காது. பேப்பர்லயும் தருவோம்னு உறுதியாப் போடல, இருப்பப் பொறுத்துன்னுதான் போட்டிருக்கு.”

“மழ பிடிக்குமா?”

“அது இதுல இல்ல தாத்தா.”

தாத்தா மேற்கு மலையை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். முகடுகளில் மேகம் இருந்தது, கறுத்திருக்கவில்லை. பிறகு உள்ளே சென்று, கட்டி வைத்திருந்த இரண்டு மூட்டை விதைநெல்லில் ஒன்றை மட்டும் அவிழ்த்து ஊறப்போட்டார்.