எழுத்துக்கு ஒரு விடுமுறை

கொரிய நாட்டைக் காணச் செல்வோர் இக்காலத்தில் பெரும்பாலும் இருவகையினர். தொலைக்காட்சித் தொடர்களிலும் பாடற்குழுக்களிலும் நெஞ்சைப் பறிகொடுத்து, ஆங்குக் கண்ட தெருக்களையும் அரண்மனைகளையும் நேரிற் காண விழைவோர் ஒருவகை. பணியின் பொருட்டுச் சென்று, எஞ்சிய இரண்டு நாள்களில் பார்க்கத்தக்கது யாது என வினவுவோர் மற்றொருவகை. நான் இவ்விரண்டிலும் சேராதவன். தமிழ் பயிற்றும் எனக்குக் கொரியா நெடுங்காலம் ஒரு வினாவாகவே இருந்தது. "ஐயா, கொரிய மொழி தமிழிலிருந்து பிறந்ததாமே, உண்மையா?" என்று முதலாமாண்டு வகுப்பில் ஆண்டுதோறும் ஒருவரேனும் கேட்கின்றனர். விழா மேடையில் 'ஆம்' என்று முழங்கினால் கைதட்டல் கிடைக்கும். தமிழிலக்கிய வகுப்பில் இருக்கைகள் நிரம்பாத இந்நாளில் அக்கைதட்டல் சிறுபொருளன்று. ஆயினும், கரும்பலகையின் முன் நின்று சொல்வதற்கு அது போதாது.

புசான் நகரில் பொறியாளனாகப் பணிபுரியும் என் தம்பி பன்முறை அழைத்தும் செல்ல இயலாதிருந்த நான், 2025 அக்டோபரில் மனைவியுடன் புறப்பட்டேன். காலத்தைத் தேர்ந்தவன் அவனே. அவ்வாண்டு அக்டோபர் 3 கொரிய நாடு தோன்றிய நாள்; 5 முதல் 7 வரை சூசொக் திருநாள்; 8 ஞாயிற்றுக்கிழமைக்கு ஈடாக வந்த விடுமுறை; 9 ஹங்குல் நாள். ஏழு நாள்கள் தொடர்ந்து நாடே ஓய்ந்திருந்தது. சூசொக் நிலவுக் கணக்கின் எட்டாம் திங்கள் முழுமதியன்று வருவது. சொந்த ஊர் சென்று, முன்னோர் கல்லறைகளில் புல் களைந்து, புத்தரிசி மாவில் செய்து ஊசியிலைகளின்மேல் ஆவியில் வேகவைத்த 'சொங்பியொன்' என்னும் கொழுக்கட்டையைப் படைத்து உண்பர். நம் ஊர்க் கொழுக்கட்டையை அறிந்தவர்க்கு அதன் வடிவம் புதிதாகத் தோன்றாது. பைன் மரத்தின் மணமே புதிது.

அந்நாள்களில் செல்ல விரும்புவோர்க்கு ஒரு சொல். விரைவுத் தொடர்வண்டிச் சீட்டுகள் பல வாரங்களுக்கு முன்பே விற்றுத் தீர்ந்துவிடும். நெடுஞ்சாலைகள் ஊர்ந்து செல்லும். சிறு உணவகங்கள் பல மூடியிருக்கும். ஆனால் தலைநகர் சியோல் காலியாகி, அரண்மனைகள் கட்டணமின்றித் திறந்திருக்கும். ஆரவாரமற்ற சியோலைக் காண இதனினும் நல்ல வாய்ப்பில்லை.

நாங்கள் இறங்கிய நாள் வெள்ளிக்கிழமை. இட்டேவோன் குன்றின்மீது 1976 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட சியோல் நடுவண் பள்ளிவாசலில் ஜும்ஆத் தொழுகை கிடைத்தது. சுற்றியுள்ள சந்துகளில் ஹலால் உணவகங்கள் நிறைந்திருத்தலின், வயிற்றுக் கவலையும் அன்றே தீர்ந்தது. பிற ஊர்களில் மீனும் சோறும் கைகொடுத்தன.

அப்பள்ளிவாசலின் படிகளில் அமர்ந்தபோது என் நினைவு சென்றது சேஜோங் மன்னரிடம். ஹங்குல் எழுத்தைப் படைத்த அம்மன்னரின் அவையில், தொடக்க ஆண்டுகளில் முஸ்லிம்கள் தம் உடையிலேயே வந்து சடங்குகளில் பங்கேற்றனர். 1427 இல் பிறந்த ஆணையொன்று அவர்தம் தனி உடையையும் வழக்கங்களையும் விலக்கியது. அச்சிறு குழுவினர் மெல்ல மெல்லப் பெருஞ்சமூகத்தில் கரைந்தனர். பதினாறு ஆண்டுகளுக்குப் பின், 1443 இல், அதே மன்னர் எளிய மக்கள் தம் எண்ணத்தை எழுதிக்கொள்ள எழுத்துகளைச் சமைத்தார். 1446 இல் அவை நாட்டுக்கு வழங்கப்பட்டன. இரண்டும் ஒருவர் ஆட்சியில் நிகழ்ந்தவை. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைக்க எனக்கு மனமில்லை.

அவ்வெழுத்துகளின் அமைப்பே தமிழ் கற்றவனைப் பெரிதும் கவர்வது. ககர ஒலிக்குரிய எழுத்து, பின்னாக்கு எழும்பி அண்ணத்தை அடைக்கும் நிலையின் கோட்டுருவம். நகரத்திற்கு நாநுனி மேலே பொருந்தும் வடிவம். மகரம் வாயின் வடிவாகிய சதுரம். சகரம் பல்லின் கூர். மிடற்றொலிக்கு ஒரு வட்டம். உயிரெழுத்துகளோ வானுக்கு ஒரு புள்ளி, நிலத்துக்கு ஒரு கிடைக்கோடு, நிமிர்ந்து நிற்கும் மனிதனுக்கு ஒரு நெடுங்கோடு என்னும் மூன்றிலிருந்து பிறந்தன. தொல்காப்பியப் பிறப்பியல் எழுத்துகள் தோன்றும் இடத்தையும் முயற்சியையும் சொல்லால் வகுத்தது. சேஜோங் அவற்றை வரைந்தே காட்டிவிட்டார். இவ்வமைப்பை விளக்கும் மூலநூற்படி 1940 இல்தான் வெளிப்பட்டது. கான்சொங் என்னும் சிறப்புப் பெயருடைய கலைச்செல்வர் சொன் ஹியொங்-பில், கேட்ட விலையைப் போற் பத்து மடங்கு கொடுத்து அதனை வாங்கிக் காத்தார்.

கியொங்பொக் அரண்மனை 1395 இல் எழுந்து, 1592 இல் எரிந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டில் மீண்டும் கட்டப்பட்டது. 'ஹான்பொக்' என்னும் மரபுடை அணிந்து வருவோர்க்கு என்றும் கட்டணமில்லை என்பதால், வாடகைக்கு எடுத்த பட்டுடையில் பல நாட்டு இளையோர் உலவுகின்றனர். என் மனைவியும் ஒன்றை அணிந்துகொண்டாள். முக்காட்டோடு அது நன்றாகவே பொருந்தியது. ஆனால் நான் நெடுநேரம் நின்றது தலைவாயிலாகிய குவாங்குவாமுன் முன்னர். 2023 இல் புதுப்பித்து மாட்டிய பெயர்ப்பலகையிலும் இருப்பவை சீன எழுத்துகளே. பழமை அவ்வாறிருந்தது என்பர் ஒரு சாரார். ஹங்குல் பிறந்த அரண்மனையின் நெற்றியில் ஹங்குல் வேண்டாவோ என்பர் மறுசாரார். பலகைக்கு எதிரே, சதுக்கத்தில், 2009 இல் நிறுவப்பட்ட சேஜோங்கின் சிலை அமர்ந்திருக்கிறது.

புசானிலிருந்து இலகு தொடர்வண்டியில் சென்றடையும் கிம்ஹே நகருக்கே என் வினா என்னை இழுத்துச் சென்றது. 'ஆயுத்த' என்னும் நாட்டு இளவரசி கி.பி. 48 இல் கடல் கடந்து வந்து சூரோ மன்னரை மணந்தாள் என்று, பதின்மூன்றாம் நூற்றாண்டில் துறவி இர்யொன் தொகுத்த 'சம்குக் யூசா' கூறுகிறது. அரசியின் கல்லறையருகே, அலையடக்க அவள் மரக்கலத்தில் கொணர்ந்ததாகச் சொல்லப்படும் கற்கோபுரம் இருக்கிறது. அவ்வாயுத்த அயோத்தியே என்று கொண்டு சரயு நதிக்கரையில் 2001 இல் நினைவுச் சின்னம் எழுந்தது. நம்மவரோ கன்னியாகுமரிப் பக்கத்து ஆய் நாடு என்றும், அவள் பெயர் செம்பவளம் என்றும் கொண்டாடுகின்றனர். சூரோ மன்னர் கல்லறை வாயிலில் இரட்டை மீன் உருவம் கண்டதும் என் தம்பி, "அண்ணே, பாண்டியர் கொடி!" என்று குதூகலித்தான். அவ்வாயில் சோசொன் காலத்தில் எழுந்தது. அரசி வந்ததாகச் சொல்லப்படும் காலத்திற்கு ஓராயிரம் ஆண்டுக்கு மேல் பிற்பட்டது. நிகழ்ந்ததாகச் சொல்லப்படுவதற்கும் எழுதப்பட்டதற்கும் இடையிலும் ஆயிரத்திருநூறு ஆண்டு இடைவெளி. கதை அழகியது, சான்று மெலிது. இத்தனையும் சொன்னபின்னும் அவன் மீனைப் படமெடுக்கத் தவறவில்லை; நானும் தடுக்கவில்லை.

'அப்பா' என்னும் சொல் இருமொழியிலும் உண்டே என்பர். குழந்தையின் இதழொலியில் பிறக்கும் இத்தகைய சொற்கள் உறவற்ற மொழிகளிலும் ஒத்திருப்பதைக் காணலாம். எங்கள் வீட்டில் தந்தையை 'அத்தா' என்றே அழைத்தோம். அப்பா என்போரே கொரியர்க்கு உறவினர் என்றால், நானும் என் தம்பியும் அவ்வுறவுப் பந்தியில் எங்கே அமர்வது?

சொல்லொப்புமையினும் வலிய ஒப்புமைகள் உண்டு. எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்னும் வரிசை. பெயரின் பின் ஒட்டும் உருபுகள். வினைமுற்றிலேயே மரியாதையைக் காட்டும் வழக்கு. இவற்றைக் கண்டு 1905 இல் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு நூல் எழுதியவர் அமெரிக்கராகிய ஓமர் ஹல்பர்ட். இவ்வமைப்பு சப்பானியம், துருக்கியம் முதலியவற்றிலும் காணப்படுதலின், அவர் கருத்தை இன்றைய மொழியியலார் பெரும்பாலும் ஏற்பதில்லை. எனினும் கொரிய விடுதலைக்காக வாதாடிய அப்பெருமகனை அந்நாடு மறக்கவில்லை. 1949 இல் சியோல் திரும்பிய சில நாள்களில் காலமான அவர், ஹான் ஆற்றங்கரையை அடுத்த யாங்குவாசின் அயலவர் கல்லறைத் தோட்டத்தில் உறங்குகிறார். கருத்துத் தோற்றாலும் அன்பு தோற்கவில்லை என்று அக்கல்லறை முன் எனக்குப் பட்டது.

கொரியத் தொடர்களை விரும்பும் மாணவர்கள் சியோல் பழைய தொடர்வண்டி நிலையத்தைத் தவறவிடலாகாது. 1925 இல் கட்டிய அச்செங்கற் கட்டடம் இப்போது கலைக்கூடம். சப்பானியர் ஆட்சியில் பள்ளிகளிலிருந்து கொரிய மொழி அகற்றப்பட்டபோது, கொரிய மொழிக் கழகத்தார் அகராதி தொகுத்துவந்தனர். 1942 இல் அவர்கள் சிறைப்பட்டனர், இருவர் சிறையிலேயே மாண்டனர், கையெழுத்துப்படிகள் பறிக்கப்பட்டன. விடுதலைக்குப்பின் 1945 செப்டம்பரில் இந்நிலையத்துச் சரக்குக் கிடங்கில் அப்படிகள் கிடைத்தன. 1947 முதல் 1957 வரை ஆறு தொகுதிகளாகப் 'பேரகராதி' வெளிவந்தது. ஏடு தேடி ஊரூராய் அலைந்த உ.வே.சாமிநாதையரைப் பாடமாக நடத்தும் எனக்கு, அந்நிலையத்தின் முன் கால்கள் நகரவில்லை. சொல்லுக்காக மடிந்தோர் இருக்கும் மொழியை இன்னொரு மொழியின் கிளை என்று சொல்லிச் சிறுமை செய்ய என் நாவெழாது. இனி முதலாமாண்டு வகுப்பில் நான் சொல்லும் விடை இதுவே.

அக்டோபர் 9 அன்று மீண்டும் சதுக்கத்தில் இருந்தோம். எழுத்துக்காக ஒரு நாடு விடுமுறை கொள்வது அரிது. அதுவும் எளிதில் நிலைக்கவில்லை. விடுமுறைகள் மிகுதி என்று தொழில்துறையினர் முறையிட, 1991 முதல் ஹங்குல் நாள் விடுமுறைப் பட்டியலிலிருந்து நீங்கியது. மொழியன்பர் விடாது வாதாடி 2013 இல் மீட்டனர். 2014 இல் திறந்த தேசிய ஹங்குல் அருங்காட்சியகம், 2025 பிப்ரவரியில் கட்டடப் பணியின்போது தீக்கிரையானமையால் எங்களுக்கு வாய்க்கவில்லை.

சதுக்கத்தில் ஓர் இளம்பெண் அயலவர் பெயர்களைத் தூரிகையால் ஹங்குலில் எழுதித் தந்துகொண்டிருந்தாள். என் பெயருக்கு மாறாகத் 'தமிழ்' என்று எழுதக் கேட்டேன். மூன்று முறை சொல்லச் சொல்லிக் கேட்டாள். தானும் சொல்லிப் பார்த்துச் சிரித்தாள். பின் 'தமில்' என்பதாக எழுதினாள். ழகரத்திற்கு அங்கு இடமில்லை. அத்தாளை ஊர் திரும்பியதும் துறையின் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவைத்தேன். அதனைப் பிழையின்றிப் படித்துக் காட்டிய முதல் ஆள், வணிகவியல் துறை மாணவி.