கொட்டி பூக்கும் பள்ளம்

ஐப்பசி அடைமழை பிடித்ததும் நாகூரைச் சுற்றிய வயல்வெளிகளில், வாய்க்காலோரப் பள்ளங்களிலும் தாழ்ந்த குட்டைகளிலும் கொட்டி தலைகாட்டும். நீண்ட இலைகள் தண்ணீர்மேல் படுத்திருக்க, பூங்கதிர் மட்டும் நிமிர்ந்து நிற்கும். வெள்ளையில் இளஞ்சிவப்பு பூசிய பொடிப்பூக்கள். தாமரையைப் பாடியவர்கள் ஏராளம். கொட்டியை நினைத்தவர்கள் குறைவு. ஔவையார் நினைத்தார். குளம் வற்றினாலும் விட்டுப்போகாத உறவுக்கு மூதுரையில் ஆம்பல், நெய்தலோடு இதையும் சேர்த்துச் சொன்னார். செடியை நன்றாகப் பார்த்தவர் சொன்ன சொல் அது. சித்திரை வெயிலில் பள்ளம் வறண்டு சேறு பாளம்பாளமாக வெடிக்கும்போதும் கிழங்கு அடியில் உயிரோடு கிடக்கும். அதைத் தோண்டி அவித்துத் தின்றவர்கள் நம் பக்கத்தில் உண்டு. மறுபடி தண்ணீர் வந்தால் துளிர்த்துவிடும்.

நாகூருக்கு வடக்கே தரங்கம்பாடிக்கு 1768இல் மருத்துவராக வந்தவர் கூனிக். தாவரவியலாளர் லின்னேயஸின் மாணவர், இந்தக் கரையின் செடிகளைத் தேடித்தேடி ஆசிரியருக்கு அனுப்பினார். 1771இல் லின்னேயஸ் கொட்டிக்கும் அறிவியல் பெயர் வைத்தார்.

கொட்டியின் பேரினத்தைச் சேர்ந்த இன்னொரு செடி, மகாராஷ்டிரத்தின் சதாரா பக்கத்து மலைமேடுகளில், மழைநீர் தேங்கும் குழிகளில் வளர்கிறது. அழியும் ஆபத்தில் உள்ளதாக உலகப் பட்டியலில் ஏறியிருப்பதால் அதைத் தேடி ஆய்வாளர்கள் போகிறார்கள். கொட்டிக்கு அந்தக் கவனம் இல்லை. இந்தியாவிலும் இலங்கையிலும் பரவலாக இருக்கும் செடி என்பதால், ஓர் ஊரில் அற்றுப்போனால் எந்தப் பட்டியலும் அதைச் சொல்லாது. எனக்கு வருத்தமே அதுதான்.

பள்ளத்தை மண்ணடித்து மனையாக்குகிறோம். வயலில் களைக்கொல்லி தெளிக்கிறோம். இவற்றின் கேடு எல்லோருக்கும் தெரியும். நல்லெண்ணத்தோடு செய்யும் தூர்வாரலும் கொட்டியைக் கொல்லும் என்பதை யாரும் யோசிப்பதில்லை. இயந்திரம் அடிச்சேற்றைக் கிழங்கோடு வழித்துக் கரைக்கு அப்பால் போட்டுவிடுகிறது. கரையைச் செங்குத்தாக வெட்டி, ஆழமற்ற ஓரமே இல்லாமல் செய்துவிடுகிறது. கொட்டி பிழைப்பது அந்த ஓரத்தில்தான்.

குளம் தூர்வாரத்தான் வேண்டும். விவசாயிக்குத் தண்ணீர் வேண்டும். ஒரு பக்கக் கரையையாவது சரிவாக விட்டு, அந்த ஓரத்துச் சேற்றைத் தொடாமல் விடுங்கள். அள்ளிய சேற்றில் கிழங்கு தென்பட்டால், தயவுசெய்து அதைத் திரும்பப் பள்ளத்திலேயே போடுங்கள்.