பனிக்காலத்தில் பாலிஹவுஸை மூடி வைக்கலாமா?

ஓசூர் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள், கூடாரம் அடித்தது போல வரிசையாக நிற்கும் பாலிஹவுஸ்களை. பலவற்றில் உள்ளே இருப்பது ரோஜா. பிப்ரவரி 14-க்குப் பூ வேண்டுமென்றால் டிசம்பரிலேயே கவாத்து செய்துவிட்டு மொட்டுக்காகக் காத்திருக்க வேண்டும். அந்த நாட்கள் முழுக்கப் பனி. அங்கேதான் சிக்கலே!

குளிர் அதிகமானால் மொட்டு மெதுவாக வளரும். காதலர் தினமோ யாருக்காகவும் காத்திருக்காது. கடன் வாங்கிக் குடில் போட்ட விவசாயி என்ன செய்வார்? பக்கவாட்டுத் திரைகளை இறுக்கமாக இறக்கி, கதகதப்பாக இருக்கட்டும் என்று விட்டுவிடுவார். நியாயம்தானே? ஆனால் ஆபத்து குளிரைவிட ஈரத்தில்தான் அதிகம்.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போமா? 25 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 23 கிராம் நீராவியைத் தாங்கும். 15 டிகிரிக்கு இறங்கினால் சுமார் 13 கிராம்தான். பகலெல்லாம் இலைகளும் மண்ணும் விட்ட ஈரம் வெளியே போக வழியில்லாமல், ராத்திரி பாலித்தீன் ஷீட்டின் உட்புறம் முத்து முத்தாகப் பூத்து, மொட்டின் மேலேயே சொட்டும். போட்ரைடிஸ் என்ற சாம்பல் பூஞ்சைக்கு இதைவிட நல்ல விருந்து இல்லை. பறிக்கும்போது பூ நன்றாகத்தான் இருக்கும். பெட்டியில் அடைத்து அனுப்பி, அங்கே திறந்து பார்த்தால் இதழெல்லாம் புள்ளி. இரண்டு மாத உழைப்பு போச்சு!

இன்னொரு வேடிக்கை. சாதாரண பாலித்தீன் வெப்பக் கதிர்களை அவ்வளவாகத் தடுப்பதில்லை. ஹீட்டர் இல்லாத குடில், மேகமில்லாத இரவில், வெளியைவிடக் குளிர்ந்து போவதும் உண்டு. ஆக, மூடி வைத்தும் நினைத்த அளவு லாபம் இல்லை.

அப்படியானால் என்னதான் வழி?

காலையில் வெயில் ஏறும்போதே திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருட்ட வேண்டும். காற்று சீக்கிரம் சூடாகும், மொட்டு மெதுவாகத்தான் சூடாகும். தாமதித்தால் ஈரக்காற்று குளிர்ந்த மொட்டின் மேல் பட்டு மறுபடி நீராகிவிடும். பகலில் திறந்து வைப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. மூடிய குடிலில் செடிகள் கரியமில வாயுவை வேகமாகத் தீர்த்துவிடும். புதுக்காற்று வந்தால்தான் வளர்ச்சி.

தண்ணீரைக் காலையிலேயே விட்டுவிட்டால் சாயங்காலத்துக்குள் ஈரம் குறைந்துவிடும். வெயில் சாயும் முன் ஒருமுறை ஈரக்காற்றை வெளியேற்றிவிட்டுப் பிறகு பக்கத் திரையை இறக்கலாம். கூரைத் திறப்பை மட்டும் ராத்திரியும் முழுதாக அடைக்காமல் இருப்பது நல்லது. மின்விசிறி இருந்தால் உள்ளே காற்று ஒரே இடத்தில் தேங்காது. கீழே உதிர்ந்த இதழ்களைப் பொறுக்கி அப்புறப்படுத்துவதும் முக்கியம், பூஞ்சை குடியிருப்பதே அங்கேதான்.

இதில் பெரிய செலவு எதுவும் இல்லை. பனியில் நடுங்கிக்கொண்டு காலை, மாலை இரண்டு வேளையும் குடிலுக்குப் போக வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்த முறை ரோஜா வாங்கும்போது இதழின் ஓரத்தைக் கவனித்துப் பாருங்கள். புள்ளியே இல்லையென்றால், யாரோ ஒருவர் சரியான நேரத்தில் திரையைச் சுருட்டியிருக்கிறார்.